பரஸ்பர விவாகரத்து: மனுவுக்கு முன்பிருந்து தீர்ப்புக்குப் பின்பு வரை எதை எப்போது செய்வது

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம், கையெழுத்துப் போட்டா போதும்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் பலரும் வருகிறார்கள். கையெழுத்துக்கு அரை நாள் போதும். ஆனால் நகை, பணம், வீடு, பிள்ளை, பென்ஷன் எதையும் எழுதி முடிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், தீர்ப்பு வாங்கிய பிறகும் வேறு வேறு மனுக்களோடு அதே நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பேச்சை முழுதாக முடிக்காமல் மனு போட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில், இந்து திருமணச் சட்டத்தின்படி, சண்டை இல்லாமல் பிரிய முடிவெடுத்த தம்பதிக்கானது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இளம் தம்பதிக்கும், பணி ஓய்வுக்குப் பிறகு பிரிய நினைப்பவர்களுக்கும் நடைமுறை ஒன்றுதான். ஆனால் இழக்கப்போவது வேறு வேறு. அதனால் வயதானவர்களுக்கான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. ஓய்வு பெற்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது: விவாகரத்துதான் வேண்டுமா?

அரசு ஓய்வூதியரின் பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கும். குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருக்கும். விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. நாளை கணவர் இறந்தால் இவர் அவருடைய விதவை இல்லை. அதனால் குடும்ப ஓய்வூதியம் இல்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவரின் இ.பி.எஸ். (பி.எப். வழியாக வரும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷனிலும் இதே நிலைதான். ஓய்வூதியருக்கான மருத்துவக் காப்பீட்டில் துணைவராகக் கிடைத்த பாதுகாப்பும் கூடவே போகும்.

அறுபது வயதைத் தாண்டிய, சொந்த வருமானம் இல்லாத ஒரு பெண்மணிக்கு இது சின்ன இழப்பு இல்லை. நிம்மதியாகத் தனியாக இருந்தால் போதும் என்பதுதான் தேவை என்றால் வேறு வழிகள் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவின்படி, தக்க காரணம் இருந்தால் மனைவி தனியாக வாழ்ந்துகொண்டே கணவரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 144-ஆம் பிரிவிலும் மனுப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிவினை என்று ஒன்றும் இருக்கிறது. அதில் திருமணம் முறியாது, சேர்ந்து வாழ வேண்டிய கடமை மட்டும் நிற்கும். ஆனால் அதற்குக் காரணத்தை நிரூபிக்க வேண்டும், இருவரும் சம்மதித்தோம் என்பது மட்டும் போதாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் முழுதாகப் பிரிவதுதான் வேண்டும் என்றால் தாராளமாகப் பிரியலாம், வயது ஒரு தடையே இல்லை. அப்போது, இழக்கப்போகும் குடும்ப ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் கணக்கில் எடுத்து மொத்தத் தொகை பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதியவர்கள் சிலர் விவாகரத்து என்று வந்து உட்கார்ந்தாலும், பேசப் பேச, பிரச்சினை வாழ்க்கைத் துணையோடு இல்லை, பிள்ளைகளோடு என்று தெரியவரும். சோறு போடாத, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திய பிள்ளைகள் மீது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மனுக் கொடுக்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் நடக்கும் தீர்ப்பாயம் அது. பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை அதன் 23-ஆம் பிரிவில் ரத்து செய்யவும் கேட்கலாம். இதற்குக் குடும்ப நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

2. எந்தச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம்

இந்து முறைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13-பி. பதிவாளர் முன்னிலையில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1869, பிரிவு 10-ஏ. அதன் வாசகத்தில் பிரிவுக் காலம் 2 ஆண்டு. இஸ்லாமியர்களுக்கு, இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரத் முறை தனியாக உண்டு. எந்தச் சட்டத்தில் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில்தான் பிரிய முடியும், எனவே இதைச் சரிபார்க்காமல் மனு எழுதாதீர்கள்.

கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இப்போது இருக்கும் ஊர், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம். இருவருக்கும் வந்துபோகச் சுலபமான ஊரைத் தேர்ந்தெடுங்கள். சில முறையாவது இருவரும் வர வேண்டியிருக்கும், பயணத்தின் சலிப்பிலேயே மனம் மாறிப்போனவர்கள் உண்டு.

பத்திரத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட "விவாகரத்துப் பத்திரத்தை" நம்பி மறுமணம் செய்யாதீர்கள். சட்டம் ஏற்கும் வழக்காறு அந்தச் சமூகத்தில் இருப்பதாக நிரூபித்தால் தவிர அது செல்லாது. மறுமணமும் செல்லாமல் போகும், அதில் பிறக்கும் பிள்ளைக்கும் வழக்கு மிஞ்சும்.

3. ஓராண்டுப் பிரிவைத் தேதியோடு உறுதிசெய்யுங்கள்

13-பி கேட்பது மூன்று: ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. வாடகைக்கு வேறு வீடு பார்க்க முடியாத முதியவர்களுக்கும், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் இளையவர்களுக்கும் இது பெரிய உதவி.

இங்கே நடக்கும் தவறு தேதியில்தான். ஏற்கெனவே காவல் நிலையத்தில் கொடுத்த புகாரிலோ ஜீவனாம்ச மனுவிலோ ஒரு தேதி இருக்கும், இந்த மனுவில் வேறு தேதி எழுதுவார்கள். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி வரும். பழைய காகிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் உட்கார்ந்து உண்மையான ஒரே தேதியை எழுதுங்கள்.

4. ஆவணங்கள்

கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, இருவரின் ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ. 30, 40 ஆண்டுகளுக்கு முன் மணந்தவர்களிடம் பதிவுச் சான்று இருக்காது, பத்திரிகைகூடக் கிடைக்காது. பயப்பட வேண்டாம். ஓய்வூதிய ஆவணம், பழைய ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவை கணவன் மனைவி என்பதைக் காட்டும்.

பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். பத்திரிகையில் "செல்வி", ஆதாரில் "தமிழ்ச்செல்வி" என்று இருந்தால் மனுவிலேயே "என்கிற" சேர்த்து இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு வந்தபின் திருத்தம் கேட்டு இன்னொரு மனு போடுவது வீண் அலைச்சல்.

5. வரவு, சொத்து, கடன்: இருவரும் திறந்து காட்டுங்கள்

பேச்சுவார்த்தைக்கு முன் இது முடிய வேண்டும், இல்லையென்றால் இருட்டில் பேரம் பேசுவது போலத்தான். சம்பளச் சீட்டு, பென்ஷன் வரவாகும் வங்கிக் கணக்கு, பி.எப்., எல்.ஐ.சி., வைப்புத்தொகை, வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகைக் கடன் ரசீது எல்லாம் மேசைக்கு வரட்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்போடு வந்த படிவத்தையே எடுத்து நிரப்பிப் பாருங்கள். எதை மறந்தோம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒரே வக்கீலை இருவரும் வைத்துக்கொள்வது செலவு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பென்ஷன், வீடு, பிள்ளை என்று பங்கு போட வேண்டியது இருந்தால் தனித்தனி வக்கீல்தான் என் ஆலோசனை.

6. உடன்பாட்டுப் பத்திரம்: இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

இதை அவசரமாக எழுதியவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நகை: "சுமார் 40 பவுன் நகை திருப்பிக் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடிப்பார்கள். அது போதாது. ஆரம் ஒன்று, நெக்லஸ் ஒன்று, வளையல் ஒரு ஜோடி என்று உருப்படி வாரியாக, எடையோடு எழுதுங்கள். எது லாக்கரில், எது மாமியார் வீட்டு பீரோவில், எது அடகில் என்று எதிரே குறியுங்கள். அடகில் இருப்பதை யார் வட்டி கட்டி மீட்பது, எந்தத் தேதிக்குள் என்பதும் வேண்டும். ஒப்படைக்கும் நாளில் நகைக்கடைத் தராசில் எடை போட்டு, பட்டியலின் பின்பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீராக வந்த பாத்திரம், கட்டில், வண்டிக்கும் இப்படியே. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், பரவாயில்லை. ஒரு ஜோடித் தோட்டால் நின்றுபோன வழக்கு உண்டு.

பணம்: மொத்தமா, மாதாமாதமா என்பது முதல் கேள்வி. மாதத் தொகை என்றால் கொடுப்பவரின் வேலை, உடல்நலம், மனநிலை எல்லாவற்றையும் நம்பியிருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர் கொடுக்கும் மாதத் தொகை அவர் காலத்தோடு நிற்கும் ஆபத்து இருக்கிறது. அதனால் வயதான பெண்களுக்கு மொத்தத் தொகையோ வீடோ வாங்கச் சொல்வேன். தொகையை இரண்டாகப் பிரித்து, பாதி முதல் விசாரணை நாளில், மீதி இரண்டாம் விசாரணை நாளில் (இவை 8, 10-ஆம் படிகளில் வரும்), டி.டி.யாக நீதிபதி முன் கொடுப்பது நல்லது. முழுதும் முன்பே கொடுத்தால் வாங்கியவர் வராமல் போகலாம், முழுதும் பின்னால் என்றால் கொடுப்பவர் இழுக்கலாம்.

வீடு: இதில் நேரம் மிக முக்கியம். கணவன் மனைவியாக இருக்கும்போது ஒருவர் மற்றவருக்குச் செட்டில்மென்ட் எழுதினால் குடும்ப உறுப்பினர் என்ற சலுகையில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தீர்ப்புக்குப் பிறகு எழுதினால் இருவரும் சட்டப்படி குடும்பம் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் என்று போகும். எனவே பத்திரப்பதிவு தீர்ப்புக்கு முன் நடக்க வேண்டும். அதற்காக முதல் மனுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கவும் வேண்டாம். இரண்டாம் விசாரணைக்குச் சில நாள் முன்பு பதிவு செய்து, பத்திர நகலை அன்று நீதிமன்றத்தில் காட்டுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னும் ஒரு படி. "இனி கடனை அவர் கட்டுவார்" என்று நீங்கள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டவரைத் தவணை தவறினால் வங்கி தேடி வரும். முதலில் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம், பிறகு பத்திரம்.

பிள்ளைகள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. யாரிடம் என்பதோடு நிறுத்தாமல், எப்படி என்பதை எழுதுங்கள். மாதத்தில் எந்தச் சனி, ஞாயிறு; எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது; தீபாவளி இந்த ஆண்டு அங்கே என்றால் பொங்கல் இங்கே; கோடை விடுமுறையில் பாதிப் பாதி. "விரும்பும்போது பார்க்கலாம்" என்ற வரி அன்பாகத் தோன்றும், ஆனால் முதல் சண்டையிலேயே பயனற்றுப் போகும். தாத்தா பாட்டி பார்க்கும் நேரத்தையும் கேட்டு எழுத வையுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன், இந்த ஒரு வரி அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பள்ளிக் கட்டணம் நேரடியாகப் பள்ளிக்கு, மருத்துவச் செலவு இன்ன விகிதத்தில், பாஸ்போர்ட்டுக்கு மற்றவர் கையெழுத்துத் தருவார், ஊர் மாற்றுவதானால் இத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்பவையும் வேண்டும். "இனி குழந்தைக்கு எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போகாது. திருமணமாகாத மகளுக்கான பராமரிப்பில் கல்யாணச் செலவும் அடங்கும்.

7. நிலுவையில் உள்ள வழக்குகள்

ஜீவனாம்ச மனு, குடும்ப வன்முறைச் சட்ட மனு இவற்றைப் போட்டவர் அந்தந்த நீதிமன்றத்தில் வாபஸ் வாங்கலாம். ஆனால் மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகக் கணவர், அவர் வீட்டார் மீது போடும் 498-ஏ வழக்கு, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இல் இப்போது 85, அப்படி இல்லை. சமாதானமாகிவிட்டோம் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் வழக்கு முடியாது. உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, பி.என்.எஸ்.எஸ். 528-இல் ரத்து மனு போட வேண்டும். புகார் கொடுத்தவர் அதற்கு ஒத்துழைப்பார் என்பதையும், செலவு யாருடையது என்பதையும் உடன்பாட்டில் எழுதுங்கள். இதை விட்டுவிட்டால், விவாகரத்து முடிந்த பிறகும் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருப்பார். பாஸ்போர்ட்டிலும் சிக்கல் வரும்.

8. முதல் விசாரணை

இருவரும் கையெழுத்திட்ட மனு, உடன்பாட்டுப் பத்திரம், வக்காலத்து, பிரமாண வாக்குமூலம் தாக்கலாகும். குறை இருந்தால் அலுவலகம் திருப்பிக் கொடுக்கும். சரிசெய்து கொடுத்ததும் எண் கிடைக்கும். சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். மனுத் தாக்கல் செய்த தேதியையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் அன்றிலிருந்துதான் ஓடுகிறது.

அன்று அசல் அடையாள அட்டையோடு காலையிலேயே இருங்கள். பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் வாய்தா தள்ளிப்போகும். முதலில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று பார்ப்பது குடும்ப நீதிமன்றத்தின் சட்டக் கடமை, எரிச்சலடையாமல் பதில் சொல்லுங்கள். நீதிபதி கேட்பதும் எளிமையானதுதான்: எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், யாரும் கட்டாயப்படுத்தினார்களா, நகையும் பணமும் வந்துசேர்ந்ததா, குழந்தை யாரிடம். மனுவை முந்தின நாள் இரவு ஒரு முறை படித்துவிட்டு, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். வக்கீலின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னால், சம்மதம் உண்மையானதா என்ற சந்தேகம்தான் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர் காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு முன்கூட்டியே மனுப் போடலாம். டிக்கெட் போட்டுவிட்டு வாய்தாவுக்காகக் காத்திருப்பதைவிட அது நல்லது.

9. ஆறு மாதக் காத்திருப்பு

மனுத் தாக்கலிலிருந்து 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள், இருவரும் சேர்ந்து இரண்டாம் முறை கேட்க வேண்டும். இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. மனுவுக்கு முன்பே ஓராண்டும் கூடுதலாக ஆறு மாதமும் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி முடிந்திருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு, காரணம் எழுதி இதற்கென்று மனுப் போடலாம். ஆறாவது படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் இது சுலபமாகக் கிடைக்கும்.

இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் மனம் மாறலாம். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு. மனம் மாறிய துணையை மிரட்டுவதோ, "பணம் வாங்கினாயே" என்று வீட்டு வாசலில் போய் நிற்பதோ வேண்டாம். வக்கீல் மூலம் மீண்டும் சமரச மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நிபந்தனைதான் உறுத்திக்கொண்டிருக்கும், அதைச் சரிசெய்தால் வருவார்கள்.

10. இரண்டாம் விசாரணை

மீதிப் பணம், பதிவான பத்திரம், நகை ரசீது எல்லாம் அன்று கையில் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாக நீதிபதி முன் சொல்லுங்கள், அது பதிவாகட்டும். உடன்பாட்டுப் பத்திரம் தீர்ப்பின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்க மறக்காதீர்கள். அப்படிச் சேர்ந்தால்தான், நாளை யாராவது மீறினால் அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போடலாம். இல்லையென்றால் புதிதாக வழக்குப் போட வேண்டிவரும்.

11. தீர்ப்புக்குப் பின் செய்ய வேண்டியவை

விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 23-ஆம் பிரிவு சொல்கிறது. கூடுதலாகச் சில சான்றிட்ட நகல்களுக்கும் மனுப் போடுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம், வங்கி, விசா, மறுமணப் பதிவு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். மறுமணம் செய்ய நினைப்பவர்கள் நகல் கைக்கு வந்த பிறகே தேதி குறியுங்கள்.

அப்புறம் வாரிசுப் (நாமினி) பெயர்கள். பி.எப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு, டிமேட் எதிலும் பழைய துணையின் பெயர் தானாக நீங்காது, நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும். உயில் எழுதியிருந்தால் அதுவும் தானாக ரத்தாகாது, புதிதாக எழுதிப் பழையதை ரத்து செய்யுங்கள். ஓய்வு பெற்றவர்கள் தீர்ப்பு நகலோடு கருவூலத்திலோ ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்திலோ குடும்ப விவரத்தைத் திருத்த எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். இதை விட்டுவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளி மகளோ திருமணமாகாத மகளோ குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது, ஆவணத்தில் இன்னும் "மனைவி" இருப்பதால் கோப்பு நின்றுவிடும்.

இணைக் கணக்கை மூடுங்கள், குடும்ப அட்டையில் பெயர் நீக்கி அவரவர் பெயரில் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள், கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று பாருங்கள். பிள்ளைகளின் பள்ளியில் தீர்ப்பின் குழந்தைப் பொறுப்புப் பகுதியை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, அழைத்துப்போக வருபவர்களின் பெயரும் போன் எண்ணும் எழுதிக் கொடுங்கள். தாத்தா பாட்டி வருவார்கள் என்றால் அவர்கள் பெயரையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.